பின்படிக் கதவு

பத்தொன்பது டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெரியாயா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். கூடத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

"புகை எங்கே?"

"மேலே!"

"நாம எங்கே?"

"கீழே!"

"கை எங்கே?"

"சுவத்துலே!"

பிறகு ஒரே சிரிப்பு. பிள்ளைகள் தரையில் தவழ்ந்து போகும் சரசரப்பு. நடக்கத் தெரிந்த பிள்ளைகளைத் தவழவிட்டால் அவர்களுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறு கிடையாது. முட்டியெல்லாம் அழுக்கு. மாலையில் அம்மாக்கள் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது யார் என்று நினைத்தபடி பெரியாயா கையைத் துடைத்துக்கொண்டாள்.

அது ஒரு பகல்நேரப் பிள்ளைகள் காப்பகம். கட்டடத்தின் மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் மெத்தைக் கடை, அதற்கு மேல் இரண்டு தளங்களும் அந்தக் கடையின் கிடங்கு. வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போவார்கள். காப்பகம் திறந்த நாளிலிருந்து, ஒன்பது வருடமாக, பெரியாயா இங்கே இருக்கிறாள். எத்தனை மூக்கைத் துடைத்திருப்பாள், எத்தனை ஜட்டியை அலசியிருப்பாள் என்று கணக்கு வைத்தால் தாள் போதாது.

சின்னாயா வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவள் வந்த பிறகுதான் இவள் பெரியாயா ஆனாள். அதுவரை வெறும் ஆயா. பட்டம் கூடியதற்குச் சந்தோஷப்படுவதா, ஆள் பாதியானதற்கு வருத்தப்படுவதா என்று அவளுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

உரிமம் புதுப்பிக்க வேண்டுமென்றால் ஒருவராவது தீப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய்வந்திருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. தன்னைத்தான் அனுப்புவார்கள் என்று பெரியாயா நல்ல சேலையாக ஒன்றை எடுத்துத் தேய்த்துக்கூட வைத்துவிட்டாள். காப்பகத்தை நடத்தும் மேடம் அனுப்பியது சின்னாயாவை. "அவ நல்லா படிப்பா, எழுதுவா. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்றார். மூன்று நாள் வகுப்புக்குப் போய்வந்த சின்னாயா கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. மேடம் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக அறையில் மாட்டினார். தினமும் அந்த அறையைப் பெருக்குகிறவள் பெரியாயா. அந்தச் சட்டத்தின் மேல் படிகிற தூசியை மட்டும் அவள் தட்டுவதே இல்லை.

அவள் கூடத்து வாசலுக்கு வந்து நின்றாள். சின்னாயா தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் பழைய குழாயை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டபடி நடந்து வந்தாள்.

"இப்படி ஒருத்தர் வந்தா அவர் யாரு?"

"பூச்சாண்டி!"

"இல்லையே. உங்களைத் தூக்கிட்டுப் போய் அம்மாகிட்ட விட வந்த தீயணைப்பு மாமா. புகையில மூச்சு முட்டக்கூடாதுன்னு மூஞ்சியில மாட்டியிருக்காரு. அவரைப் பாத்து ஒளியலாமா?"

"கூடாது!"

"கட்டிலுக்கு அடியில?"

"கூடாது!"

"பொம்மைய மறந்துட்டேன்னு திரும்ப உள்ள ஓடலாமா?"

கொஞ்சம் யோசனைக்குப் பிறகு, "கூ...டாது."

"அப்ப மாமா வந்தா என்ன சொல்லணும்?"

"இங்க இருக்கேன்!" என்று பத்தொன்பது தொண்டைகளும் கத்தின. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்தவள் எழுந்தாள். நான்கு வயது. எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருப்பதால் அவளுக்கு வாயாடி என்று பெயர். "ஆனா பூச்சாண்டி நிஜமாவே இருக்கான். அந்தப் பின்கதவுக்கு அந்தப் பக்கம். பெரியாயாதான் சொன்னாங்க."

உண்மைதான். பிள்ளைகள் பின்படிப் பக்கம் போகாமலிருக்கப் பெரியாயா ஒன்பது வருடமாகக் குடிவைத்திருந்த பூச்சாண்டி அவன். சாப்பிட மறுத்தால், தூங்க மறுத்தால், கடித்தால், கிள்ளினால், அந்தக் கதவைக் காட்டினால் போதும். எல்லாம் கப்சிப்.

சின்னாயா ஒரு கணம் பெரியாயாவைப் பார்த்தாள். "அப்படியா? வாங்க, பாத்துட்டே வந்துடலாம்" என்று போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்துவிட்டாள். வெளிச்சம் உள்ளே வந்தது. இரும்புப் படிகள், சுருட்டிக் கட்டிய மெத்தைகள், ஒரு பழைய தராசு. வேறு யாரும் இல்லை.

"காணோமே. ஊருக்குப் போயிட்டான் போல."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயாடி திரும்பி, ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவளைப் போல, "பெரியாயா பொய் சொல்லிட்டாங்க" என்றாள்.

மதியம் ஒரு பையன் சோற்றை வாயில் அதக்கிக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தான். பழக்க தோஷத்தில் பெரியாயா, "முழுங்குறியா, பூச்சாண்டியக் கூப்பிடவா?" என்றாள். அவன் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். "அவந்தான் ஊருக்குப் போயிட்டானே."

அதுகூடப் பரவாயில்லை. தூங்கப் போடும் நேரம் வந்தது. சிட்டு என்று ஒரு குழந்தை. இரண்டரை வயது. வந்து சேர்ந்த மூன்று மாதமும் பெரியாயாவின் மடியைத் தவிர வேறெங்கும் கண்மூடாதவள். பெரியாயா சுவரில் சாய்ந்து காலை நீட்டி மடியைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள். சிட்டு தன் துணிப் பொம்மையை இழுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்ச் சின்னாயாவின் பாயில் படுத்துக்கொண்டது. கால் மரத்துப்போகும் வரை பெரியாயா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் இருவரும் பாய்களைச் சுருட்டினார்கள். "அக்கா, அடுத்த தடவை நீங்களும் என்கூடச் சேர்ந்து பாடம் எடுங்களேன்" என்றாள் சின்னாயா. "நான் மாமாவா வரேன். நீங்க கேள்வி கேளுங்க."

"எனக்கு எதுக்கும்மா? எச்சி தொடைக்க ஒரு ஆள் வேணும்ல."

"ஏங்க்கா அப்படிச் சொல்றீங்க? அப்புறம், அந்தப் பின்படியில மெத்தையா அடைச்சு வெச்சிருக்காங்க பாத்தீங்களா? ஏதாவது ஒண்ணுன்னா நமக்கு இருக்குறது அந்த ஒரு வழிதான். நீங்களும் கூட வந்தீங்கன்னா மேடம்கிட்டச் சேர்ந்து சொல்லலாம். நீங்க சொன்னா கேப்பாங்க."

பெரியாயா பாயை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் மேடமிடம் அவள் தனியாகத்தான் போனாள். அன்று காலை இரண்டு பையன்கள் முக்காலி போட்டு ஏறிப் பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்ததை அவள் பார்த்தது நிஜம். ஆனால் போய்ச் சொல்லும்போது அது இரண்டிலிருந்து ஏழெட்டு ஆனது. "சின்னாயா அந்தக் கதவைத் திறந்து காட்டினதிலேர்ந்து பிள்ளைங்களுக்குக் குளிர் விட்டுப்போச்சு மேடம். எந்நேரமும் அங்கேயே நிக்குதுங்க. படியில உருண்டு கை காலை ஒடிச்சுக்கிட்டா நாளைக்கு யாருக்குப் பதில் சொல்றது?"

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். மெத்தைக் கடைக்காரரும் அதே வாரத்தில் வந்து புகார் சொல்லியிருந்தார். புது மெத்தை மேல் பிள்ளைகள் ஏறிக் குதித்ததாம். கட்டடமே அவருடையது.

இரண்டு நாளில் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது, படிப் பக்கமாக. பிள்ளைகளுக்கு எட்டாது. அதில் ஒரு பித்தளைப் பூட்டு. ஒரு சாவி கடைக்காரரிடம். இன்னொன்றை மேடம் பெரியாயாவின் கையில் வைத்தார். "பொறுப்பான ஆள் நீங்கதான்."

அவள் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்து பெருக்கும்போது அது முன்னால் வந்து ஆடியது. ரவிக்கைக்குள் அவள் அதைத் தள்ளிவிடவில்லை.

சின்னாயா பதறிப்போனாள். "அக்கா, அந்தக் கதவைப் பூட்டவே கூடாதுக்கா. வகுப்புல முதல் பாடமே அதுதான்."

"மேடம் சொன்னது. என்னைக் கேட்டா?"

"சாவியையாவது உள்ள ஒரு ஆணியில மாட்டி வைங்க."

"பூட்டு வெளிப்பக்கம். சாவி உள்ள இருந்து என்ன பண்ணும்?"

சின்னாயா மேடமிடம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். பார்த்துக்கலாம் என்று சொன்னார்களாம். பெரியாயாவுக்கு அன்று மதியச் சாப்பாடு ருசித்தது.

அடுத்த வாரமும் பிள்ளைகள் சுவரில் கை வைத்துத் தவழ்ந்து பின்கதவு வரை வந்தார்கள். கதவு திறக்கவில்லை. வரிசை ஒன்றன் மேல் ஒன்றாக இடித்துக்கொண்டு நின்றது.

"பூச்சாண்டி ஊர்லேர்ந்து வந்துட்டானா?" என்றாள் வாயாடி.

சின்னாயா கதவை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். சமையலறை வாசலிலிருந்து பெரியாயா சொன்னாள். "ம். வந்துட்டான்."

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பால்காரர் வரவில்லை. மேடமும் இன்னும் வந்திருக்கவில்லை. பதினொரு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தாக வேண்டும். பெரியாயா தூக்கு வாளியை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு இறங்கினாள். கடையில் நான்கு பேர் அவளுக்கு முன்னால் நின்றார்கள். அவள் முறை வந்து வாளியை நீட்டியபோது கடைக்காரர் அதை வாங்காமல் அவள் தலைக்கு மேலே பார்த்தார்.

"அது உங்க கட்டடம் இல்ல?"

மெத்தைக் கடையின் வாசலிலிருந்து கருகருவென்று புகை உருண்டு வந்தது. பஞ்சு எரிகிற புகை இல்லை. நுரை மெத்தை உருகுகிற, மூக்கில் ஒட்டிக்கொள்கிற, தார் போன்ற புகை. கடைச் சிப்பந்திகள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தார்கள். முன்படி வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வாளி எங்கே விழுந்தது என்று பிறகும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குள் ஓடினாள்.

இரும்புப் படிக்கட்டில் நான்கு படிக்கு ஒரு மெத்தைச் சுருள். முதல் தளத்தில் இரண்டைச் சந்துக்குள் உருட்டித் தள்ளினாள். இரண்டாம் தளத்தில் ஒன்று கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே இறுகிப்போயிருந்தது. அதன் மேல் ஏறி, முழங்கை உராய, அந்தப் பக்கம் விழுந்தாள். மூன்றாவது தளத்துக்கு வந்தபோது கதவின் கீழ் இடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டும் சத்தம். விட்டு விட்டு, ஓய்ந்துபோன தட்டல். அதற்கு நடுவே ஒரு குரல், கரகரத்து, அடையாளம் தெரியாமல்:

"புகை எங்கே?"

"மேலே..."

"நாம எங்கே?"

"கீழே..." கத்தவில்லை. தரையோடு தரையாகச் சொல்லும் சின்னக் குரல்கள். இருமல்.

பெரியாயா கழுத்துக் கயிற்றை இழுத்தாள். அது முடியில் சிக்கிக்கொண்டது. அறுத்தாள். சாவி பூட்டுக்குள் போகாமல் பித்தளையில் கீச் கீச்சென்று கோடு கிழித்தது. இரண்டு கையாலும் பிடித்துச் சொருகித் திருப்பினாள்.

கதவு திறந்ததும் புகை அவள் முகத்தில் மோதிற்று. கீழே பார்த்தாள். நடைவழி முழுக்கப் பிள்ளைகள் வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள். ஒவ்வொருவர் மூக்கிலும் ஈரத் துணி. ஒவ்வொருவருக்கும் ஒரு கை சுவரில். ஒன்றுகூட இடத்தைவிட்டு ஓடியிருக்கவில்லை. முதலில் கிடந்தவள் வாயாடி. பெரியாயாவின் காலைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே, "இங்க இருக்கேன்" என்றாள்.

கதவோரத்திலிருந்து சின்னாயா எழுந்து நின்றாள். பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுத் தொட்டு வெளியே அனுப்பினாள். உதடு மட்டும் எண்ணியது. பதினேழு. பதினெட்டு. கடைசியாகச் சிட்டுவைத் தூக்கிக்கொண்டாள். "இங்க கொடு" என்று பெரியாயா கையை நீட்டினாள். சிட்டு முகத்தைத் திருப்பிச் சின்னாயாவின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டது. அந்தப் புகையிலும், அந்த நேரத்திலும், பெரியாயாவுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளை இடுப்புக்கு ஒன்றாக அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

படியில் இறுகிக் கிடந்த சுருளை அதற்குள் பிடுங்கித் தள்ளியிருந்த கடைச் சிப்பந்திகள் சந்தில் பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி மாட்டிய ஆட்களைப் பார்த்து ஒரு பிள்ளையும் அழவில்லை. ஒரு பையன் கையைக்கூட ஆட்டினான். வாயாடிக்கு மட்டும் மூச்சு வாங்கியதால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சின்னாயா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் வீங்கித் தோல் கிழிந்திருந்தது. பெரியாயாவைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். "நீங்க எப்படியும் வந்துடுவீங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருந்தேன்க்கா."

பெரியாயா திரும்பி, யாரோ கொடுத்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பங்கிடப் போய்விட்டாள்.

மறுநாள் மேடம் அவளைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். முன்னறையில் மெத்தைக் கடைக்காரரும் உட்கார்ந்திருந்தார். பெரியாயாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். ஒன்பது வருடத்தில் அது முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை அதிகாரி விசாரிக்க வராரு" என்றார் மேடம். "கதவு ஏன் பூட்டியிருந்துச்சுன்னு கேப்பாரு. சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாரு."

பெரியாயா கழுத்தைத் தடவினாள். கயிறு அறுத்த கோடு எரிந்தது.

"உங்ககிட்ட இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க பாலு வாங்கப் போயிட்டீங்க, சாவியும் கூடப் போயிடுச்சு, பத்தொன்பது பிள்ளைங்க உள்ளன்னு சொன்னா உங்களைச் சும்மா விடுவாங்களா? உங்களை உள்ள வெச்சிடுவாங்க. அந்த வாயாடியோட அப்பா வேற குதிச்சுக்கிட்டு இருக்காரு."

"பூட்டச் சொன்னது..." என்று பெரியாயா ஆரம்பித்தாள்.

"நீங்க வந்து சொன்னதாலதானே?" என்றார் மேடம், குரலை உயர்த்தாமல்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "எதுக்கும்மா சுத்தி வளைச்சுக்கிட்டு. பயிற்சி எடுத்தது அந்தச் சின்னப் பொண்ணு. சான்றிதழ் அது பேர்ல இருக்கு. சாவியும் அதுகிட்டதான் இருந்துச்சு. தினமும் காலையில பூட்டைத் திறந்து விட வேண்டியது அது பொறுப்பு. அன்னைக்கு மறந்துட்டுது. அவ்வளவுதானே?"

ஒரு தாளை முன்னால் நகர்த்தினார்கள். தட்டச்சு செய்திருந்தது. பெரியாயாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். 'பயிற்சி பெற்ற பணியாளர்' என்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். அந்த எழுத்துக்களை அவள் அலுவலக அறைச் சுவரில் தினமும் பார்த்திருக்கிறாள்.

"இனிமே பிள்ளைங்களைப் பாத்துக்க நீங்கதான்" என்றார் மேடம். "பெருக்கிக் கழுவுற வேலைக்கு வேற ஆளு போட்டுக்கலாம்."

பேனா நன்றாக எழுதியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் காப்பகத்துக்கு வந்தபோது சின்னாயா கட்டட வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையிலும் கட்டு. காவலாளி அவளை உள்ளே விடவில்லை. அவளுடைய சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தான். கட்டுப் போட்ட கையால் அதை எடுக்க முடியாமல் அவள் முழங்கையில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாவி என்கிட்ட இருந்துச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்களாக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மேடத்தக் கேளு."

"அவங்க போனையே எடுக்க மாட்டேங்குறாங்க. இப்படி ஒரு பேரு வந்துடுச்சுன்னா இனிமே எந்தக் காப்பகத்துலயும் என்னைச் சேத்துக்க மாட்டாங்கக்கா."

பெரியாயா முதல் படியில் ஒரு காலை வைத்தாள். 

சின்னாயா அவள் முகத்தைப் பார்த்தாள். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று பெரியாயா எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல அவளிடம் ஒன்பது வருடத்துப் பேச்சு இருந்தது.

"பிள்ளைங்களுக்கு அந்தப் 'புகை எங்கே' பாட்டை விட்டுடாதீங்க" என்றாள் சின்னாயா. "மாசம் ஒரு தடவையாவது சொல்ல வைங்க. மறந்துடும் அதுங்களுக்கு." பையை முழங்கையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

மேலே கூடத்தில் சன்னல்களையெல்லாம் திறந்து விட்டிருந்தார்கள். பொசுங்கிய நாற்றம் இன்னும் போகவில்லை. மேடம் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நடைவழியில் நின்றார்.

"அதிகாரி பதினொரு மணிக்கு வராரு. வெள்ளையடிக்கிறவன் ஒன்பதுக்கு வந்துடுவான். அதுக்குள்ள இந்தச் சுவரைக் கழுவிடணும். முக்கியமா கீழ்ப் பக்கம்."

பெரியாயா வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தாள். சுவர் முழுக்கக் கரி படிந்து கறுத்திருந்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், அந்தக் கறுப்புக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாகக் கைகள். கூடத்து வாசலிலிருந்து பின்கதவு வரை, ஒன்றன் பின் ஒன்றாக, பிஞ்சு விரல்கள் ஐந்தும் விரித்து வைத்த தடங்கள். சிலது வழுக்கி இழுபட்டிருந்தது. சிலது ஒரே இடத்தில் வெகுநேரம் அழுந்தி, ரேகை தெரிகிற அளவுக்குப் பளிச்சென்று இருந்தது.

நின்றுகொண்டு தேய்க்க எட்டவில்லை. பெரியாயா முழங்கால் போட்டாள். ஈரத் துணி பட்டதும் சுற்றியிருந்த கரி கரைந்து முதல் கையின் மேல் வழிந்தது. கை மறைந்தது. இன்னொரு தரம் தேய்த்ததும் வெறும் சுவர் வந்தது. முழங்காலாலேயே நகர்ந்து அடுத்ததற்குப் போனாள். ஒரு தடத்தில் நடுவிரல் பருத்துத் தெரிந்தது. கதவிடுக்கில் நசுங்கியதற்கு அவள்தான் போன வாரம் துணி சுற்றிவிட்டிருந்தாள். அதையும் தேய்த்தாள். தண்ணீர் மூன்று தரம் கறுத்தது. மூன்று தரம் மாற்றிக்கொண்டு வந்தாள்.

பின்கதவுக்கு வந்தபோது எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அதில் இருந்த கைகள் பெரியவை. அவள் தோள் உயரத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக, எண்ண முடியாமல், நடுவில் கறுப்பே இல்லாத அளவுக்கு அப்பிக் கிடந்தன. ஓரங்களில் பழுப்பாக எதுவோ காய்ந்திருந்தது.

"அதுக்குச் சோப்பு மட்டும் போதாது" என்றார் மேடம் பின்னாலிருந்து. "கொஞ்சம் ஆசிட் ஊத்திக்கோங்க."

பெரியாயா குனிந்து பாட்டிலை எடுத்தாள்.